அப்பா அமுக்கிய பட்டன்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உனக்கு உடம்பு தேறியதா, குழந்தைக்குப் பால் போதுகிறதா, அவள் தூங்குகிற நேரத்தில் நீயும் ஒரு கண் அசருகிறாயா, இல்லை அப்போதுதான் துணி மடிக்கிறேன் பாத்திரம் கழுவுகிறேன் என்று கிளம்புகிறாயா. வேலை எங்கேயும் ஓடிப்போகாது, தூக்கம் போனால் போனதுதான். இங்கே நான் சுகம். வாரம் தவறாமல் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதமும் பேனாவும், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைப்பாய். நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், திரையில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடுகிறது. பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். குழந்தையை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி அனுப்பிய லேப்டாப்பில் மைக் பழுது இல்லை. வந்த நாளிலிருந்து அது நன்றாகத்தான் இருக்கிறது. உங்கப்பாவுக்குத்தான் குரல் இல்லை. தொண்டையில் கட்டி இருந்தது, கெட்ட கட்டி, குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கிற ஒரு சின்னத் துவாரம் வழியாகத்தான் மூச்சு விடுகிறார். கட்டி முழுவதும் போய்விட்டது, வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டரம்மா சொல்கிறார், போகும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறார், அதனால் உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் அழு. ஆனால் போன குரல் திரும்பி வராது. மார்க்கெட்டில் அந்தக் கோடியில் நின்று காய்கறி ஏலம் கூறினால் இந்தக் கோடியில் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவாரே, ஊரே ஸ்பீக்கர் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதே, அந்தக் குரல் இப்போது இல்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு நீ கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லியிருந்த சமயம் அது. முதல் பிள்ளை தங்காமல் போனபோது நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. கரகரப்பு அதற்கு முன்னாலேயே இருந்தது, உனக்கே தெரியும், மார்க்கெட் தூசி என்பார், கத்திக் கத்தித் தேய்ந்துவிட்டது என்பார், வெந்நீர் குடித்தால் சரியாகும் என்பார், நானும் சரி சரி என்று விட்டுவிட்டேன். விஷயம் இன்னது என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டிருக்கிறேன், அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவளுக்குத் தெரியக்கூடாது. புள்ள பொறக்கற வரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது" என்றார், அவ்வளவுதான். அதை மீற எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் மார்க்கெட்டை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள், அப்பா சங்கத்து ஆட்களோடு அலைகிறார் என்று உன்னிடம் கூசாமல் புளுகினேன். நீயும் நம்பினாய், நான் எப்போது உன்னிடம் பொய் சொன்னேன் நீ சந்தேகப்பட.

அவர் வீட்டுக்கு வந்த அந்த வாரம்தான் லேப்டாப்பும் வந்து சேர்ந்தது. கடையிலிருந்து ஒரு பெண் வந்து எல்லாம் போட்டுக்கொடுத்தாள், நீ போனில் என்னிடம் சட்டதிட்டம் சொல்லிக்கொண்டே இருந்தாய். பாஸ்வேர்டில் வீட்டில் யார் பெயரும் பிறந்த தேதியும் கூடாது, அதை எழுதி மூடியில் ஒட்டிவைக்கக் கூடாது, அப்டேட் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது, மெத்தைமேல் வைத்தால் சூடாகும், தெரியாத ஆள் அனுப்பியதைத் திறக்கக் கூடாது, எந்தக் கம்பெனிக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் தூரத்திலிருந்தே லேப்டாப்புக்குள் நுழைய விடக்கூடாது. கல்யாணத்துக்கு வரன் பார்த்தபோதுகூட நீ இத்தனை நிபந்தனை போடவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூடியை எந்தப் பக்கம் திறப்பது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் பெண் வீடியோவில் பேசுவது எப்படி என்று காட்டிவிட்டு, இந்தப் பட்டனை அமுக்கினால் உங்கள் சத்தம் அந்தப் பக்கம் போகாது என்றாள் பார், அப்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை காட்டு என்று கையால் கேட்டார். அவள் போனபிறகு தானே திறந்து வைத்துக்கொண்டு அமுக்குவதும் விடுவதுமாக இருந்தார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ முதல்முதலாக வீடியோவில் வந்த அன்று புரிந்தது. நான் பேசும்வரை சும்மா இருந்தார், நீ அப்பா என்று கூப்பிட்டதும் பட்டனை அமுக்கிவிட்டு வாயை நன்றாகத் திறந்து பேசினார். உதடு அசைகிறது, கை ஆடுகிறது, சிரிக்கிறார், உனக்குச் சத்தம்தான் வரவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் வரவில்லை, அது உனக்கு எப்படித் தெரியும். நீ அங்கிருந்து மைக் ஆஃபில் இருக்கிறது ஆன் பண்ணுங்கள் என்று கத்துகிறாய், இவர் காதில் கையை வைத்து என்ன என்ன என்று நடிக்கிறார். வாரா வாரம் இதே கூத்து. அப்பாவிடம் போனைக் கொடு என்றால் சார்ஜ் இல்லை, மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். மார்க்கெட்டையே ஆட்டிவைத்த மனுஷனுக்கு ஒரு பட்டன் பிடிபடவில்லையே என்று நீ கேலி செய்தாய், மாப்பிள்ளையும் சிரித்தார், அப்பாவும் சேர்ந்து சிரித்தார், நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கழுத்துத் துவாரத்தை மறைக்க நான் மெல்லிய துணியில் தைத்துக்கொடுத்த பட்டையைப் பார்த்து அப்பா ஸ்டைலாக ஸ்கார்ஃப் எல்லாம் கட்டுகிறாரே என்றாய். உன்மேல் தப்பில்லை கண்ணு, தெரிந்தா சொன்னாய். அன்றைக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரியவில்லை.

அப்புறம் மைக்தான் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று முடிவுகட்டி நீ மைக் வைத்த ஹெட்போன் வாங்கி அனுப்பினாய், அவர் போட்டுக்கொண்டால் அதுவும் பேசவில்லை. நானே அங்கிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்கிறேன், திரையில் வரும் நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி, யார் கேட்டாலும் உள்ளே விடாதே என்று சொன்னது நீதானே என்று எழுதி அனுப்பினார். நான் உங்கள் பெண்ணப்பா என்றாய். எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவான் என்று பதில் போட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவரும் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்திருப்பார், விடக் குரல் இருந்தால். உன் பாதுகாப்புச் சட்டத்தை வைத்தே உன்னை வாசலில் நிறுத்தினார், கெட்டிக்காரர்தான், ஆனால் லேப்டாப்பை மூடியபிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் லேப்டாப்பில் ஜாக்கெட் அளவு வெட்டுவது பற்றி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன், திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் லேப்டாப்புக்கு ஆபத்து, எதையும் மூடாதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று வந்தது, கூடவே பீப் பீப் என்று சத்தம். நீ சொன்னதெல்லாம் அந்தப் பதற்றத்தில் பறந்துவிட்டது. கூப்பிட்டேன். எடுத்தவன் எத்தனை மரியாதை, அம்மா அம்மா என்று தேனாகப் பேசினான், பெற்ற பிள்ளை தோற்றான் போ. அவன் சொன்னபடி எதையோ இறக்கி வைத்தேன், அதில் வருகிற நம்பரைப் படியுங்கள் என்றான், நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அப்பா குளித்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார், என் காதில் இருந்த போனைப் பார்த்தார், வாயைத் திறந்தார். முன்பெல்லாம் என்றால் அந்தச் சத்தத்துக்கு அவன் இருந்த இடத்திலேயே போனைக் கீழே போட்டிருப்பான். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததில் அவர் வந்ததே எனக்குத் தெரியவில்லை. முதல் எண்ணைப் படித்துவிட்டேன். அவர் ஓடிவந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார், அது பேட்டரியில் ஓடுகிற சாமான், அசையவில்லை, நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் மூடியை என் விரல் நசுங்கச் சாத்திவிட்டுப் போனைப் பிடுங்கி அணைத்தார். ஒன்றும் போகவில்லை, பயப்படாதே, கடைப் பெண்ணைக் கூப்பிட்டு அவன் இறக்கியதை நீக்கி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஆனால் அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். தலை துவட்டாமல் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். அப்புறம் போனில் எழுதி என்னிடம் காட்டினார். "நீ விழுந்தாக்கூட என்னால கத்தி யாரையும் கூப்பிட முடியாது" என்று எழுதியிருந்தார். ஆபரேஷனுக்கு அழாத மனுஷன் அன்று அழுதார். சத்தமில்லாத அழுகையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ரொம்பக் கஷ்டம்.

மார்க்கெட்டுக்கு இன்னும் போகிறார். ஏலம் கூறுவது இப்போது அவர் கூட்டாளி, அப்பா தராசுப் பக்கம் நின்று விரல் மடக்கி விலை காட்டுகிறார், யாரும் ஒரு சொல் தப்பாகப் பேசுவதில்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று இருக்கிறதாம், வண்டு ரீங்காரம் போலக் கேட்கும் என்று வேண்டாம் என்கிறார். எழுதியதைப் படித்துக்காட்ட லேப்டாப்புக்கே தெரியும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். ஆசையாக உட்கார்ந்து, தக்காளி ஒரு தரம், தக்காளி இரண்டு தரம், மூன்று தரம் என்று அடித்தார். அது ஏதோ ஒரு பெண் குரலில், செத்தவர் பெயர் வாசிக்கிற மாதிரி வாசித்தது. மூடிவிட்டார், மறுபடி அதைப் படிக்க வைக்கவில்லை.

இப்போது நீ என்ன சொல்லியிருக்கிறாய், ஆள் அனுப்பி மைக்கைச் சரிபண்ணுகிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை தாத்தா பேத்தியைக் கூப்பிட்டே ஆக வேண்டும், அந்தக் குரலை அவள் கேட்க வேண்டும் என்று. ஆளை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அப்பா கண்ணாடி முன்னால் நின்று குட்டி குட்டி என்று உதட்டை அசைத்துப் பார்க்கிறார், நான் போனால் மீசையைத் தடவுகிற மாதிரி நகர்ந்துவிடுகிறார். நேற்று எழுதிக் காட்டினார், லேப்டாப் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், நானே போட்டுவிடுகிறேன் என்று. அப்படியானால் குழந்தை முகத்தை எதில் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பார்க்காவிட்டால் பரவாயில்லை என்று கையை விரித்தார். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறவர், காலையிலேயே திரையைத் துடைத்து வைக்கிறவர் அப்படிச் சொன்னார். அதற்குமேல் என்னால் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளையும்தான் பிறந்துவிட்டதே.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறி ஓடிவராதே, அவளுக்கு ஊசியெல்லாம் போட்டு, டாக்டர் சரி என்றபிறகு வா. அப்பாவைத் திட்டாதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு, எனக்கு வாங்கிப் பழக்கம். அழுகை வந்தால் இப்போதே அழுதுவிடு, ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பால் கொடு. கூரியர்க்காரர் சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும் என்கிறார், கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரே ஒரு வார்த்தை எனக்கு அனுப்பு, வேறு எதுவும் எழுதாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ வேண்டும், உன் மடி என்றும் குளிர்ந்திருக்க வேண்டும்.

உன்னைப் பெற்ற,
அம்மா

உறையில் போடும் முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலில் நின்றுவிட்டேன், திரும்பி வந்தால் அப்பா மிஷின் பக்கத்தில் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். கடைசிவரை படித்தார். பேனாவுக்குக் கையை நீட்டினார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

கண்ணு, அம்மா எழுதினது அத்தனையும் நெசம். லேப்டாப்பை உடைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் காட்டு, எனக்குக் காது நல்லாக் கேக்குது. பட்டனை அமுக்க மாட்டேன். புஸ் புஸ்னு ஒரு சத்தம் வரும், பயந்துடாதே, பாப்பாகிட்டயும் சொல்லு. அது தாத்தா மூச்சு.