பிரிண்டர் பெயரில் இன்னொன்று

ஜூன் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்து சிரிப்பே மாறிவிட்டது. உங்கள் முதுகுவலி தேவலையா? தனியாகப் போனதிலிருந்து போனைப் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வாங்கித்தந்த பிரிண்டர் சும்மா இருக்கும்போதும், கம்ப்யூட்டருக்குள் அதன் பெயரில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூடினால் திரும்ப எழுந்துவிடுகிறது. வக்கீலம்மாவின் சாட்சி வாக்குமூலங்களை இதில்தான் டைப் செய்கிறேன். வெளியே கசிந்தால் என் வேலை போய்விடும். அது நல்லதா கெட்டதா, எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

ஜூன் 9

உனக்கு,

பிரிண்டரைப் பார்த்துப் பயந்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். ஆபீசில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது. மை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அப்படியொன்று பின்னால் ஓடும். எல்லார் வீட்டிலும் ஓடுகிறது. அவரவர் பிழைப்பைப் பார்க்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று சொன்னால் மட்டும் உனக்குப் புரிந்துவிடுமா? கையை வைக்காமல் சும்மா இரு. விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடு, அது போதும்.

பல் விழுந்தால் முளைக்கும்.

நான்

ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சிரித்தது போகட்டும். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் சிரிக்கவில்லை. "பேரை நம்பாதீங்கக்கா. பேரு யாரு வேணா வச்சுக்கலாம். எந்த ஃபோல்டர்ல உக்காந்திருக்கு, கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கா, இந்த ரெண்டையும் பாருங்க" என்றார். அந்தப் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் இடம் தெரிகிறது. நானே பார்த்தேன். இவ்வளவுதான் எனக்குப் புரியாத வித்தை!

ஒரே பெயரில் இரண்டு ஓடுகின்றன. ஒன்று பிரிண்டர் கம்பெனியின் ஃபோல்டரில், கையெழுத்தோடு இருக்கிறது. மற்றது தற்காலிக ஃபைல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது, கையெழுத்து இல்லை. அது உள்ளே வந்த தேதி பிப்ரவரி 11. அன்றுதான் நீங்கள் சட்டைகளை எடுத்துப்போக வந்தீர்கள். அன்று நீங்கள் கம்ப்யூட்டரில் செருகிய பென்டிரைவில் யாராவது எதையாவது நுழைத்திருப்பார்களோ? அடுத்த வாரம் அவரிடம் முழுதாகக் காட்டப்போகிறேன்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 19

உனக்கு,

ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவனெல்லாம் உனக்கு நிபுணன். அவனிடம் காட்டாதே. அந்த ஃபைலை உடனே அழி, கேள்வி கேட்காதே. வாரம் ஒரு கடிதம் டைப் செய்து, அச்செடுத்து, தபாலில் போடத் தைரியமில்லாமல் கிழிக்கிறவளுக்குத் துப்பறியும் வேலை ஒன்றுதான் குறைச்சல். "வீடு வெறிச்சென்று இருக்கிறது, வந்துவிடுங்கள்" என்று அழுவதற்கு முன்னால் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்.

நான்

ஜூன் 25

உனக்கு,

அந்தக் கடிதங்களைப் பற்றி நான் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. கிழித்த துண்டுகளைக்கூட நானே அள்ளிப் போட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த கையோடு ரிப்பேர் கடைக்குப் போனேன். நான் அச்செடுத்த ஒவ்வொரு தாளின் நகலும் உன் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் திரையில் இருந்த முகவரியைக் காட்டி, "யாருக்கா இந்த ஆளு?" என்றார்.

"தெரிஞ்சவர்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றேன்.

வக்கீலம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். என் வேலை போகவில்லை. உன்மேல் கொடுக்கும் புகாரை அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன்.

நாலு மாதமாக என் கெஞ்சலைப் படித்துவிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாய். திருட்டைக்கூட மன்னித்திருப்பேன். இப்படிப்பட்ட ஒருவனையா வந்துவிடு என்று கூப்பிட்டோம் என்று நினைத்தால்தான் எனக்கே கேவலமாக இருக்கிறது.

நீ கேட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பாப்பாவைப் பார்க்க வரும்போது வாசலில் நின்று கூப்பிடு. செருப்பு மாட்டி அனுப்புகிறேன். உள்ளே வரவேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா மட்டும்