நட்சத்திரம் வராத படம்

மாப்ளே,

உன் பழைய ஐம்பது எம்.எம். லென்ஸ் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பின்னால் உள்ள சின்னக் கொக்கியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஆறு பிளேடும் சோம்பல் முறித்து நகர்ந்து, வெளிச்சம் நுழையும் ஓட்டையைப் பாதி மூடிவிட்டு நின்றுகொண்டன. தையல் மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் அடிக்கிறது.

போன மாதம் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, போன் செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ தவறிப்போனதற்கு முதல் வருஷ ஜெபம் என்றது. "செவுத்துல மாட்ட அவரு படம் ஒன்னு வேணும்ணா. ஆதார்ல இருக்கறது யாரோ மாதிரி கீது." கள்ளக்குறிச்சியில் பாதிக் கல்யாணங்களை எடுத்த ஆளுக்கு ஒரு படம் இல்லை. இருந்த ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் துழாவினேன். எதைத் திறந்தாலும் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாய், இல்லையென்றால் பந்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

தேடத் தேட நம்முடைய பழைய சண்டைதான் ஞாபகம் வந்தது. உன் லென்ஸில் நேராக வெட்டிய ஆறு பிளேடு. நன்றாக மூடி எடுத்தால் மண்டபத்து சீரியல் பல்பு ஒவ்வொன்றும் ஆறு முனை நட்சத்திரமாக வெடிக்கும். அதற்காக நீ உயிரையே விடுவாய். ஆனால் கொஞ்சம் திறந்து எடுத்தால் பின்னால் மங்கும் விளக்கெல்லாம் ஆறு பட்டைக் கட்டங்களாக விழும். "இன்னாப்பா, என் பொண்ணுக்குப் பின்னாடி தேன்கூடு கட்டிக்கினு கீது?" என்று ரிஷிவந்தியத்து அம்மா ஒருத்தி கேட்டது மறந்துபோச்சா? என்னுடையதில் வளைந்த ஒன்பது பிளேடு. விளக்கு பந்து மாதிரி அழகாக உருளும், நட்சத்திரம் மட்டும் மழுங்கிப்போகும். "ஆளு ஜாஸ்தியானா உரசலும் ஜாஸ்திடா" என்று என் லென்ஸைக் கிண்டல் செய்வாய். இரண்டும் ஒரே லென்ஸில் கிடைக்காதா என்று கேட்டால், "அப்புறம் நாம எதுக்குடா சண்ட போடறது?" என்பாய்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. கரியாலூரில் எடுத்தது. கல்யாண ஜோடி இன்னும் மலையேறி வரவில்லை. வெளிச்சம் பார்க்க நீயே மாப்பிள்ளை இடத்தில் நின்றாய், முதுகுக்குப் பின்னால் மரக்கிளை நடுவே சூரியன். "பதினாறுல வையி, நல்லா மூடிக்கும். சூரியன் அப்படியே ஸ்டாரா வெடிக்கணும்." உன் லென்ஸ் மாட்டிய கேமராவில் நான் கண்ணை வைத்துக்கொண்டு தாமதிக்க, நீ கத்தினாய்: "இன்னாடா, தூங்கிக்கினு கீறியா?" அப்போதுதான் அமுக்கினேன்.

நட்சத்திரம் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் திருகும் வளையம் இறுகுகிறதென்று வீட்டுத் தையல் மெஷின் எண்ணெயை லென்ஸுக்குள் விட்டிருந்தாய். பிளேடு காய்ந்துதான் இருக்க வேண்டும், ஒரு சொட்டுப் பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொன்னதை எங்கே கேட்டாய்? "மெஷினே எண்ணெ போட்டாத்தான் ஓடுது, இது இன்னா பெரிய கொம்பா?" அன்றைக்குப் பிளேடு பாதியிலேயே நின்றுவிட்டது. "த்தூ, ஸ்டாரக் காணோம். அழிச்சிடு" என்றாய். அதற்குள் ஜோடியின் கார் வந்துவிட்டது, அழிக்க மறந்தேன். நாள் முழுக்க என் லென்ஸில் எடுத்தாய், முணுமுணுத்துக்கொண்டே.

நீ கேட்டபடி பிளேடு மூடியிருந்தால் சூரியன் நட்சத்திரமாகியிருக்கும், அதன் முன்னால் நீ வெறும் கருப்பு உருவமாக நின்றிருப்பாய். பாதி திறந்திருந்ததால் வெளிச்சம் கூடிப்போய் வானம் வெளுத்துவிட்டது, மரமும் வெளுத்துவிட்டது. உன் முகம் மட்டும் வந்திருக்கிறது. புருவத்துத் தழும்பு, சவரம் செய்யாத நரை, கத்துகிற வாய், எல்லாம்.

ஃபிரேம் போட்டு எடுத்துப்போனேன். தங்கச்சி வெகுநேரம் பார்த்தது. "என்னத் திட்றப்போ இப்படித்தாண்ணா நிப்பாரு" என்று சிரித்தது, சிரிக்கும்போதே முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. கிளம்பும்போது, "இத நீங்களே வச்சிக்கோங்க" என்று உன் லென்ஸைக் கையில் கொடுத்தது. வண்டியை எடுக்கிற சாக்கில் தெருவுக்கு வந்து அழுதேன், மாப்ளே. உன்மேல் கோபமாகக்கூட இருந்தது.

இப்போதெல்லாம் மண்டபத்தில் மூட்டை கட்டும் முன்னால் நம் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்துகிறேன், வீடியோக்காரன், லைட் பிடிக்கிறவன், யாரையும் விடுவதில்லை. முகத்துக்கு வெளிச்சம் வைக்கிறேன். வெட்கத்தில் எல்லாருமே உன்னைப்போல் கையில் இருப்பதைத் தூக்கி முகத்தை மறைக்கிறார்கள்.

"எறக்குடா அத. வூட்ல பாக்க மூஞ்சி வேணும்" என்று அதட்டுகிறேன்.