மோட்டாரை நிறுத்திவைத்த கிணறு

அப்பா, வாசலில் கொட்டிவைத்திருக்கும் கிணற்று வண்டலின் வாசம் அடுப்படிவரை வருகிறது. இந்த ஐப்பசியும் மழையில்லாமலே போனதால் தூர் வாருகிறோம். இந்த வாசம் வந்தாலே எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் அது ஆறவில்லை.

எழுபதுகளின் நடுவில் என்னைப் பெண் கேட்டு ஜேடர்பாளையத்திலிருந்தும் வந்தார்கள். காவிரி வாய்க்கால் பாயும் வயல். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. நீங்களோ ராசிபுரம் பக்கம் மேட்டுக்காட்டில் இருந்த சிநேகிதரின் மகனுக்கு என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தீர்கள். "வாய்க்கா தண்ணி ஊருத் தண்ணி, கெணத்துத் தண்ணிதான் நம்ம தண்ணி" என்று அம்மாவின் வாயை அடைக்கப் பார்த்தீர்கள். அம்மா விடவில்லை. கிணற்றைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பேன் என்றாள். தை மாதம் அம்மாவும் நீங்களும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தீர்கள். திரும்பி வந்து, "கடலாட்டங் கெடக்குது சாமி" என்றீர்கள். நானும் நம்பிச் சிரித்தேன்.

மாசியில் கல்யாணம். சித்திரையில் அந்தக் கிணற்றில் பாறை தெரிந்தது. குடத்தோடு ஊர்க்கோடிக்கு நடந்த ஒரு நாள், பொறுக்க முடியாமல் மாமியாரிடம் கேட்டேவிட்டேன்: "ஏனுங்கத்தே, எங்கம்மாகிட்ட இப்படிப் பொய்யாக் காட்டுனீங்க?"

"நாங்க எங்க சாமி காட்டுனோம்? உங்கய்யன்தான் சொல்லியுட்டாரு, பொண்ணூட்டார் வர்ற வரைக்கும் மோட்டாரைப் போடாதீங்க, தண்ணி ஊறி நிக்கட்டும்னு."

இவர்கள் ஏமாற்றியிருந்தால் உங்களிடம் ஓடி வந்து அழுதிருப்பேன். நீங்களே என்றால் நான் எங்கே போவது?

ஆனாலும் வந்தேன், கேட்டேன். உங்கள் முகம்கூட மாறவில்லை. "மழ பேஞ்சா நெறஞ்சுரும் சாமி. ஐப்பசி என்னைக்கு நம்மள ஏமாத்தியிருக்குது?"

அதற்குப் பிறகு எத்தனையோ ஐப்பசி ஏமாற்றிவிட்டது. முந்தி மாதிரி மழை இல்லை, கிணறுகள் கீழே கீழே போகின்றன என்று ஊரே சொல்கிறது. மழையை நான் திட்டுவதில்லை. அது என்னிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

போன மாதம், என் கல்யாணத்தின்போது பத்து வயசுப் பையனாக இருந்த என் கொழுந்தனாருக்குப் பெண் கொடுக்க, கிணறு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வரும்வரை மோட்டாரைப் போடக்கூடாது என்றார் உங்கள் மருமகன். அன்று விடியும்போதே போய் நான் போட்டுவிட்டேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பாறைதான் தெரிந்தது. காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் இன்னும் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, அப்பா. அவளுக்கு நான் செய்ததை எனக்கு நீங்கள் செய்திருக்கலாம்.