தின்னரில் கரைந்த முகங்கள்

பக்கத்துத் தச்சுப் பட்டறையில் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். தின்னர் வாடை என் அறைக்குள் வந்துவிட்டது. பல்செட் செய்கிற இடத்தில் எத்தனையோ வாடை உண்டு. இது ஒன்றுதான் என் கையை நிறுத்துகிறது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது நீ ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தாய். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் நாற்பது ஈயச் சிப்பாய்கள். மேசைமேல் படை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கானவை. யாரோ ஆடி அலுத்துப் பழைய சாமான் கடையில் போட்டது. எல்லாரும் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள். "இவுங்கள சிவகங்கைச் சீமை ஆளுகளா மாத்தணும்ப்பா. ஒன் கை இருந்தாத்தான் முடியும்" என்றாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவன் கேட்கிறாய். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. கொத்தமங்கலத்தில் உன் வீட்டுப் பந்தி மேசையில் எதிரெதிரே உட்காருவோம். முடி போன்ற ரம்பத்தால் துப்பாக்கியை அறுத்தெடுப்பேன். தொப்பியை அராவிவிட்டு, களிமண்போல் பிசைந்தால் இறுகும் புட்டியைத் திரித்துத் தலைப்பாகை சுற்றுவேன். பல்லுக்குக் கட்டும் கம்பியை வளைத்து ஒவ்வொருவன் கையிலும் எறிகிற வளரி கொடுத்தேன். குதிரைக்காரன் ஒருவனின் இடுப்பைத் திருப்ப மட்டும் மூன்று ஞாயிறு பிடித்தது. நான் முடித்துத் தள்ளுவதை நீ வாங்கி வண்ணம் பூசுவாய். உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றின்மேல்தான் வண்ணம் குழைப்பாய். மிளகளவு முகத்தில் நீ கண் வைக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். உன் மனைவி காப்பியோடு வந்து, "ரெண்டு பேரும் சின்னப் புள்ளைக மாதிரி இருக்கீக" என்று சிரிப்பார்.

பிறகு அந்தப் படையைப் பெங்களூரில் நடந்த போர் விளையாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோனாய். எனக்கு வேலை, வர முடியவில்லை. முதல் பரிசு என்று நீ போனில் சொன்னதும் தெரிந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வீடியோ வந்தது. கையில் கோப்பையோடு நிற்கிறாய். யார் செய்தது என்று கேட்கிறார்கள். "எல்லாம் நான்தான். அறுக்குறது ஒட்டுறதுக்கு மட்டும் ஊர்ல ஒரு ஆள் வச்சிருக்கேன்" என்கிறாய்.

ஒரு ஆள்.

மறுநாளே வந்தேன். நீ தூரிகை கழுவிக்கொண்டிருந்தாய், திரும்பக்கூட இல்லை.

"என் பேரச் சொல்ல எம்புட்டு நேரம்ப்பா ஆகும்?"

"விடுப்பா. பாக்குறவுக கண்ணுக்கு வண்ணந்தான் தெரியும். உள்ள கெடக்குற ஈயத்த யாரு பாக்கப் போறா?"

அதன்பின் நான் அங்கே வரவில்லை. ஆனால் உன்னை விடவும் இல்லை. நானே சிப்பாய்கள் வாங்கி ஒரு கும்பினிப் படை கட்டினேன். உன்னை ஜெயிப்பதற்காக வெள்ளைக்காரன் பக்கம் போனேன். அதே பெங்களூரில், எல்லார் முன்னாலும் நீ தோற்க வேண்டும். தோற்றபின் இரண்டு படையும் யார் கைவேலை என்று நான் சொல்ல வேண்டும். ஆள் மூலம் சவால் அனுப்பினேன். ஒத்துக்கொண்டாய். ஆட்டத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது உனக்கு நெஞ்சு வலி வந்தது. சாவுக்கு வந்து மாலை போட்டேன். தப்பித்துவிட்டான் என்றுதான் மனசு சொன்னது.

காரியம் முடிந்து ஒரு மாதத்தில் உன் மனைவி நாற்பது பேரையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்கதான் பத்திரமா வச்சிருப்பீக அண்ணே."

அன்று சாயங்காலமே பாட்டில்களில் தின்னர் ஊற்றி அத்தனை பேரையும் உள்ளே இறக்கினேன். மறுநாள் டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று, நீ வைத்த கண்களும் போயின. அடியில் என் ரம்பம் போன தடம், என் பற்றவைப்பு, நான் வளைத்த கம்பி எல்லாம் பளிச்சென்று வெளியே வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

வெறும் ஈயமாகவே கொண்டுபோய்ப் பெங்களூரில் அடுத்த கண்காட்சியில் அடுக்கினேன். "இது முன்னாடி கலர்ல இருந்துச்சே, யாரு பண்ணினது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊர்ல ஒரு ஆள் பூசிக் குடுத்தாரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை காலம் காத்திருந்தேன் தெரியுமா?

யாரோ எடுத்த படம் உன் மனைவிக்கும் போயிருக்கிறது. நான் ஊர் திரும்பியதும் கூப்பிட்டார்.

"அண்ணே, படத்துல இருக்குறது நம்ம பொம்மைகதானா?"

"ஆமாம்மா."

"கலரு?"

"நாந்தான் அழிச்சேன்."

"அவுக ஒங்களுக்குச் செஞ்சது தப்புதான். அதுக்காக நானே அவுககிட்ட சண்ட போட்டிருக்கேன். வீட்டுல வச்சா பாக்கப் பாக்க அழுகை வருதுன்னுதான் ஒங்ககிட்ட குடுத்து வச்சேன். அவுக கையால செஞ்சதுன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல." போனை வைத்துவிட்டார்.

உன்மேல் எனக்கிருக்கும் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. நீ எழுந்து வந்தால் எதிரே உட்கார்ந்து இப்போதும் உன்னை அடித்து நொறுக்குவேன். ஆனால் உனக்கென்று ஓங்கிய கை அவர்மேல் விழுந்துவிட்டது. போன சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியில் பார்த்தேன்; தெரியாதவரைப்போல் கூட்டத்துக்குள் ஒதுங்கிப் போனார்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு. கொத்தமங்கலம் வரை இரண்டு முறை வண்டியில் போய், இறங்காமலே திரும்பிவிட்டேன்.