இரும்பா அலுமினியமா, மாமா?

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். துறைமுகத்தில் உங்கள் வேலை பற்றி நடந்த விசாரணையில் நான் "மாமாவுக்குக் கை நடுங்குது" என்று சொன்னதிலிருந்து நீங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. கேட்டார்கள், பார்த்ததைச் சொன்னேன். அதற்காக உங்களை வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை.

இப்போது எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை. படகு எஞ்சினின் மேல்மூடி, அந்தச் சிலிண்டர் ஹெட், விரிசல் விட்டுவிட்டது. நீங்கள் பொருத்திய அதே எஞ்சின்தான், கடல் தண்ணீரையே உறிஞ்சிச் சூடு ஆற்றிக்கொள்வது. கடையில் வார்ப்பிரும்பிலும் இருக்கிறது, அலுமினியத்திலும் இருக்கிறது. எதை வாங்கட்டும்? இந்த வருடம் ஒரு தடவை பயணிகளோடு நடுவில் நின்றாலும் துறைமுகத்தார் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். விளையாடாமல் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 9

சமுத்திரங்களின் மகாராணி, என் அக்கா பெற்ற அட்மிரல் அவர்களுக்கு,

உன் கடிதம் கண்டு நான் வடித்த ஆனந்தக் கண்ணீரில் பட்டறை முழங்கால் அளவு மூழ்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் துடுப்பு போட்டுக்கொண்டுதான் டீ குடிக்க வந்தான். கை நடுக்கமா? அதை அன்றைக்கே மறந்தாயிற்று. இப்போது பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும், தானாகக் கலந்துவிடுகிறது.

இரும்பு ஹெட்டைத் தூக்கப் பதினோரு பேர் வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டப் பன்னிரண்டாவது ஆள். அலுமினியமோ பஞ்சு! சூட்டைச் சட்டென்று விரட்டும். உன் படகு தண்ணீரைத் தொடவே கூச்சப்படும். கண்ணை மூடிக்கொண்டு அலுமினியம் வாங்கு. எவனாவது உப்பு கிப்பு என்று முனகினால், "எங்க மாமா சொன்னாரு" என்று சொல். வாயடைத்துப் போவான்.

ஏழு கடல்களுக்கும் தலைமை மெக்கானிக்,
மாமா


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

அலுமினிய ஹெட் போட்டதில் எஞ்சின் லேசாகிவிட்டது. "என் தம்பிக்கு மனசுல எதுவும் தங்காது" என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு சந்தேகம். ஹெட்டில் தண்ணீர் வெளியே போகும் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிகிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. கழற்றிப் பார்க்கட்டுமா?

உங்கள் அக்கா மகள்


ஜூன் 26

பயந்தாங்கொள்ளி அட்மிரலுக்கு,

பொடியா? அடடா, உன் எஞ்சின் பவுடர் பூச ஆரம்பித்துவிட்டது! அடுத்த மாதம் கண்ணாடி கேட்கும், வாங்கிக் கொடு. கல்யாண வயசு வந்த எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பது மரியாதையா? ஸ்பேனரைக் கடலில் எறிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

அகில உலக எஞ்சின்களின் தாய்மாமன்


அக்டோபர் 2

மாமாவுக்கு,

வியாழக்கிழமை முகத்துவாரத்தில், இருபத்துமூன்று பயணிகளோடு, படகு நின்றது. நீரோட்டம் பாறைப் பக்கம் இழுத்தது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கடைசியில் இழுவைப் படகு வந்து சேர்ந்தது.

ஹெட்டைக் கழற்றினால், அரித்து அரித்துத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. "உப்புத் தண்ணிக்கு அலுமினியம் போடச் சொன்ன அறிவாளி யாரும்மா?" என்று துறைமுக மெக்கானிக் கேட்டார். நான் சொல்லவில்லை. உரிமம் போய்விட்டது. என் வழித்தடத்தை, எனக்குப் போட்டியாகப் படகு ஓட்டும் அந்தத் தொப்பிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா, தெரிந்தேவா சொன்னீர்கள்? "தெரியாது" என்று ஒரு வரி எழுதுங்கள். நம்புகிறேன்.


அக்டோபர் 11

அக்கா மகளுக்கு,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருடம் எஞ்சின் பிரித்தவன் உப்புத் தண்ணீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று தெரியாது என்று எழுதினால், நீ விசாரணையில் சொன்னதை வைத்து என்னை லாயக்கில்லாதவன் என்று அனுப்பியது சரியென்று ஆகிவிடும். ஆகையால், தெரியும். உன் முதல் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே தெரியும்.

தொப்பிக்காரனும் அதே மாதிரி எஞ்சினோடு வந்து அதே கேள்வியைக் கேட்டான். "இரும்பு போடு" என்றேன். இரண்டே வார்த்தை. நேற்று நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன். கை நடுங்கத்தான் செய்தது. அதைப் பார்த்தும் அவன், நான் போல்ட்டை முடுக்கி முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் படகில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டுமாம். உன்னைச் சொல்லியிருக்கிறேன். வழி தெரிந்தவள், பார்த்ததை அப்படியே சொல்லுவாள் என்றேன். திங்கட்கிழமை காலை போய்ப் பார்.

மாமா