தட்டிவிட்டுப் போகும் குளியலறை

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதுமே உங்கள் எதிரி நம் தென்காசி வீட்டுக் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை அகலம். வயிற்றுக்கடியில் வட்டமாக வெள்ளை முட்டைப்பை. லீவுக்கு வந்திருக்கும் நம் மகன் பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிவிட்டான். அந்த டப்பாவைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

செங்கோட்டை மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷர் நீங்கள். யானை வழிமறித்தாலும் இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போடுவீர்கள். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் மட்டும் ஈரத்துண்டோடு அடுப்படிவரை ஓட்டம்!

இவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் உங்கள் கழுத்தில் கோடாகக் கொப்புளம் கிளம்பியது. "ஏட்டி, அது எம்மேல ஒண்ணுக்குப் போயிட்டு! நான் சொன்னேம்லா?" என்று தெருவுக்கே கேட்க அலறினீர்கள். சட்டிபானை செய்கிறவரிடம் போய், கொப்புளம் ஆற அக்கி எழுதிக்கொண்டு, கழுத்தில் அவர் வரைந்த செங்காவிச் சிங்கத்தோடு திரும்பினீர்கள். கல்யாண ஆல்பம் முழுக்க அந்தச் சிங்கம் சம்பந்தியை முறைக்கிறது.

அப்புறமும் எரிச்சல் அடங்காததால் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். "மழைக்காலத்துல லைட்டுக்கு வருமே, சிவப்பும் கறுப்புமா சின்னப் பூச்சி, அதைக் கழுத்துல வச்சு நசுக்கியிருக்கீங்க. அந்தச் சாறு பட்டுத்தான் பொத்துப்போச்சு. வீட்டுச் சிலந்தி பாவம், கரப்பானைத் தின்னுட்டுக் கிடக்கும். பிடிச்சு அமுக்கினா கடிக்கலாம், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்" என்றார். நீங்கள் விடுவீர்களா? "அப்போ அது எங்கதான் சார் ஒண்ணுக்குப் போவுது?" எனக்கு மானமே போயிற்று.

அதன்பிறகு யாரையும் சிலந்தியை அடிக்க விடவில்லை நீங்கள். வீண்பழி போட்டுவிட்டோமே என்ற கூச்சம். ஆனால் பயம் போகுமா? கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். "ஆள் இல்லாத ரூமை எதுக்குத் தட்டுதீங்க?" என்றால், "ஆள் இல்லட்டி, அது இருக்குல்லா. ஒதுங்கிக்கிட நேரம் குடுக்கணும்லா" என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடியபிறகு நானும் தட்டிவிட்டுத்தான் போகிறேன். எனக்கு ஒரு பயமும் கிடையாது.

இதையெல்லாம் சொல்லித்தான் மகனிடமிருந்து டப்பாவைப் பிடுங்கினேன். "முட்டை வேற வச்சிருக்கும்மா, வீடெல்லாம் பெருகிரும்" என்றான்.

"பெருகட்டும்லே. நீ ஊருக்குப் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா?" என்று கத்திவிட்டேன்.

இன்று காலை அடுப்படியில் நிற்கிறேன், குளியலறைக் கதவில் டொக் டொக்கென்று சத்தம். அப்படியே நீங்கள் தட்டுகிற மாதிரி.

"யாருலே உள்ள?" என்றேன்.

"ஆள் இல்லம்மா. அது இருக்குல்லா" என்றான்.

பால் பொங்கி வழிந்ததை நான் பார்க்கவே இல்லை.