கோபிகாவின் ஊசி

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து மழை. சிங்கப்பூரில் எங்கள் கிளமெண்டி வட்டாரமே நனைந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டில் வேலை பார்க்கும் கமலா வந்தாள். அறந்தாங்கிப் பக்கத்துக்காரி. அவள் மகள் கோபிகா ஊரில் அப்பாவிடம் இருந்து ஒன்பதாவது படிக்கிறாள். கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிறார்களாம். அப்பா மருதப்பன் வேண்டாம் என்கிறார். எங்கோ ஒரு பெண் ஊசி போட்டதும் மயங்கி விழுந்தாளாம்.

"எங்க அக்கா அந்த நோயிலதான் போச்சு டீச்சர். நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. நீங்க பேசுங்க. வாத்தியாருங்கன்னா அவருக்குத் தனி மரியாதை."

பேசுகிறேன் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

கமலாவின் போனில் மருதப்பனிடம் பேசினேன். நல்ல மனிதர். எங்கள் பள்ளியிலும் ஊசி போடும் நாளில் சாப்பிடாமல் வந்தவள் விழுவாள், அதைப் பார்த்துப் பயந்து பின்னால் நிற்பவளும் விழுவாள் என்று சொன்னேன். சிரித்தார். மழை வந்த பிறகா கூரை மேய்வீர்கள் என்றும் கேட்டேன்.

"அது சரிதாங்க. புள்ளைய நல்லா சாப்புட வச்சு அனுப்புறேன்."

கமலா எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், என் வீட்டு அடுப்பிலேயே.

மார்ச் 12, வியாழன்

மருதப்பனே என்னைக் கூப்பிட்டார். "ஒரு சந்தேகம் டீச்சர். பெரிய பொம்பளைங்களுக்கு வர்ற நோய்க்கு இந்த வயசுல எதுக்கு ஊசி?"

யாராவது கேள்வி கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். முழுவதும் சொன்னேன். அந்த நோயை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் உடலுறவால் தொற்றுவது, அதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்று.

"நான் எம்பொண்ண அப்படி வளர்க்கலைங்க." வைத்துவிட்டார்.

கல்யாணமான பெண்ணுக்கும் வரும் என்று சொல்லியிருக்கலாமே. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு வாக்கியம் குறைத்திருந்தால் — ஏன் வாயை மூட முடியல எனக்கு?

மார்ச் 13, வெள்ளி

அவர் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன். கேட்டிருக்கிறார். பதில் இல்லை.

கமலாவின் முதலாளி சிவானி லிஃப்டில் சொன்னாள்: "அவங்க ஃபேமிலி மேட்டர் லா டீச்சர். நீங்க இன்வால்வ் ஆகாதீங்க." இனி எங்கே விலகுவது?

மார்ச் 15, ஞாயிறு

கமலா என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. "'சிங்கப்பூர்ல போயி இதைத்தான் கத்துக்கிட்டியா'ன்னு கேக்குறாரு டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

நாளை ஊசி.

மார்ச் 18, புதன்

கோபிகாவை அவர் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

தேக்கா மார்க்கெட்டில் கமலாவைப் பார்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். விட்டுப்போன பிள்ளைகளுக்கு மறுபடி போடுவார்கள், கோபிகாவிடமே நீ எடுத்துச் சொல்லேன் என்றேன்.

"எங்க டீச்சர்? இப்பல்லாம் நான் கூப்புட்டா, போனை அவருதான் புடிச்சுக்கிட்டு அவ பக்கத்துலயே உக்காந்திருக்காரு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்புட்டியாடி?"

"சாப்புட்டேம்மா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

கமலா திரையைப் பார்த்துச் சிரித்தபடியே, போனுக்குக் கீழே எனக்குக் கையைக் காட்டினாள், திரையில் தெரியாமல் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லி.

நான் எழுந்து பின்னிருக்கைக்குப் போய்விட்டேன்.